மேடைப் பேச்சு சபைக்குள் வரும்போது: திருகோணமலையிலிருந்து ஒரு விவாதம்

உவர்மலை வாசகன் எழுதியது:

அரசியல் பேச்சு கெட்டுப்போய்விட்டது என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வசவுகளை மனத்தில் வைத்துக்கொண்டே அப்படிச் சொல்கிறார்கள். துரோகி, கைக்கூலி, அடிவருடி என்று ஒருவரையொருவர் ஏசுவதை நிறுத்திவிட்டால் நல்ல விவாதம் தானாக வந்துவிடும் என்பது அவர்களுடைய எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏச்சு காதில் விழுந்தவுடனேயே அது ஏச்சு என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குரிய கழிவைப் போட்டுவிட்டே அவர் மிச்சத்தைக் கேட்கிறார். விவாதத்தைச் சத்தமில்லாமல் கெடுப்பது, எவராலும் மறுத்துச் சொல்ல முடியாத நல்ல சொற்களால் கட்டப்பட்ட பேச்சுத்தான். "மக்களின் அபிலாஷைகளை மதித்து, எமது இருப்பைப் பாதுகாத்து, நிலையான அபிவிருத்தியை நோக்கி" என்று ஒருவர் தொடங்கினால், அதற்கு எதிராகக் கையை உயர்த்துபவர் யார்? எதிர்க்க முடியாத ஒன்றை விவாதிக்கவும் முடியாது.

எமது மாவட்டத்தின் உள்ளூராட்சி சபையொன்றில், பார்வையாளர் பகுதியில் இருந்து நான் கேட்ட ஒரு விவாதத்தைச் சொல்கிறேன். சபையின் பெயர் இங்கே தேவையில்லை. கட்டாக்காலி மாடுகள் பற்றிய பிரேரணை அது. இரவில் பிரதான வீதியில் மாடுகள் படுத்துக்கிடக்கின்றன, மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் மோதி விழுகிறார்கள், ஆகவே மாடுகளைப் பிடித்து அடைத்துத் தண்டப்பணம் அறவிட வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். அடுத்து எழுந்தவர், மேய்ச்சல் தரையைப் பறித்தவர்கள் யார் என்று கேட்டார். கேள்வி மிகவும் சரியான கேள்வி. ஆனால் எந்த மேய்ச்சல் தரை, எத்தனை ஏக்கர், இப்போது எந்தத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது என்ற பக்கமாக அது போகவில்லை; "எமது மண்ணும் எமது வாழ்வும்" என்ற பக்கமாகப் போனது. அதற்குப் பதில் சொல்ல எழுந்தவர், குறிப்பிட்ட சமூகம் ஒன்றைக் குறிவைத்தே பிரேரணை கொண்டுவரப்பட்டுள்ளது என்றார். முக்கால் மணி நேரம் கழித்து, "கட்டாக்காலி மாடுகள் தொடர்பில் உரிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எழுதுவினைஞர் அதைத் தமது கொப்பியில் எழுதிக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், விபத்தில் சிக்கிய மகனுடைய சைக்கிளின் படங்களை ஒரு கோப்பில் வைத்திருந்தார். "என்ன தம்பி முடிவெடுத்தவையள்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை.

மாட்டுச் சொந்தக்காரர்களின் வாதம், வீதியில் போகிறவர்களின் வாதம், மேய்ச்சல் தரை பற்றிய வாதம் ஆகிய மூன்றும் அந்த மண்டபத்துக்குள் இருந்தன. மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. ஒரு பேச்சு விவாதத்துக்கு உதவுகிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் இது: பேசி முடித்தபின், எதிரே இருப்பவர் வேறொரு தொகையையோ, வேறொரு இடத்தையோ, வேறொரு பொறுப்பாளரையோ சொல்லி அதற்கு மறுப்புக் கூற முடிகிறதா? முடிந்தால், அந்தப் பேச்சு எவ்வளவு சூடாக இருந்தாலும் அது விவாதம். முடியாவிட்டால் அது மேடைப் பேச்சு. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

பாலையூற்று மகள் எழுதியது:

அண்ணா, உங்கள் உரைகல் உத்தியோகத்தர்களுக்குப் பொருந்தும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அது பொருந்தாது. தொகையும் இடமும் பொறுப்பாளரின் பெயரும் சொல்லிப் பேசக்கூடியவர், அந்தத் தகவல்களை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர். அவை மறைக்கப்பட்டிருக்கும்போது, அவற்றைக் கேட்டுத் தெருவுக்கு வந்தவர் எதைச் சொல்லிப் பேசுவார்?

2017ஆம் ஆண்டு வடக்கிலும் கிழக்கிலும் தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தாய்மார் வீதியோரம் கொட்டகை போட்டு அமர்ந்தபோது அவர்கள் பேசியது நீங்கள் சொல்லும் சபைப் பேச்சு இல்லை. அழுகையும் சாபமும் அதில் இருந்தன. அதற்கு முந்திய ஆண்டு, 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அலுவலகத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர் காணாமற்போனோர் அலுவலகம். திருவிழாக் கூட்டத்தில் கைதவறிய பிள்ளை போல, தாங்களாகவே போய்விட்டார்கள் என்ற பொருள்தான் அதில் தொனிக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோர் என்றே சொல்ல வேண்டும் என்று அந்தத் தாய்மார் விடாமல் நின்றார்கள். ஒருவர் செய்தார் என்பது அந்த வடிவத்தில் இருக்கிறது. பொறுப்பாளர் யார் என்ற உங்களுடைய கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். ஆனால் அழுதுகொண்டு கேட்டார்கள். அதை உணர்ச்சிவசம் என்று ஒதுக்கிவிட்டு, "அமைதியாகப் பேசுங்கள் அம்மா" என்று சொல்கிற கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அமைதி யாருக்கு வசதி என்பதையும் நாம் பேச வேண்டும்.

உவர்மலை வாசகன்:

தங்கச்சி, உங்கள் உதாரணத்தை நான் எனக்கு எதிரானதாக எடுக்கவில்லை. சூடாகப் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தாய்மார் கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ, யாரென்றோ பதில் சொல்லலாம். பதில் சொல்ல முடியாத வகையில் பேசியது "கடந்த காலக் காயங்களை ஆற்றி நல்லிணக்கத்தை நோக்கி" என்று அறிக்கை விட்டவர்கள். ஆனாலும் தகவல் யாருடைய கையில் இருக்கிறது என்ற உங்கள் கேள்வி எனது பதிவில் இல்லாத ஒன்று. அதைப் பற்றி மற்றவர்களும் எழுத வேண்டும்.

கறுப்புக் கோட்டு எழுதியது:

சொற்களைப் பற்றிப் பேசும்போது சட்டத்தை மறந்துவிடக் கூடாது. எதைப் பேசலாம் என்பதைச் சில வேளைகளில் பேசுபவர் தீர்மானிப்பதில்லை. 1983 ஓகஸ்டில் வந்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம், தனிநாட்டை ஆதரிப்பதை, அமைதியான வழியில் ஆதரிப்பதைக்கூட, தண்டனைக்குரியதாக்கியது. அதற்குரிய சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் நாடாளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். கறுப்பு யூலை நடந்த சில நாட்களுக்குள் அந்தத் திருத்தம் வந்தது. கசப்பான கருத்தையும் கொண்டுவந்து கொட்டக்கூடிய ஒரே இடத்தை, மிகவும் தேவையான நேரத்தில் அடைத்துவிட்டார்கள். அதன்பின் பேச்சு எங்கே போனது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கு மறுபுறமும் ஓர் உதாரணம் உண்டு. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் நோக்கம் பிரிவினையே என்று தொடுக்கப்பட்ட வழக்கில், சமஷ்டியை, அதாவது கூட்டாட்சியை, கோருவது பிரிவினையைக் கோருவதாகாது என்று 2017 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சமஷ்டியைத் தந்துவிடவில்லை. சமஷ்டி என்று வாயெடுத்தவுடன் பிரிவினைவாதி என்று வாயடைக்கும் வழக்கத்துக்கு எதிராகக் காட்டக்கூடிய ஒரு தாளை மட்டும் தந்தது. என் தொழிலில் அது சிறிய விடயமன்று.

தலைப்பை இட்டவர் திருகோணமலைக்காரர் என்பதால் இன்னொன்றையும் கேட்கிறேன். 1956 ஓகஸ்டில் இங்கே நடந்த தமிழரசுக் கட்சி மாநாட்டின் தீர்மானம் உங்களுடைய உரைகல்லில் தேறுமா?

உவர்மலை வாசகன்:

ஐயா, தாராளமாகத் தேறும். என்னுடைய வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சிங்களத்தை ஒரே உத்தியோக மொழியாக்கிய சிங்களம் மட்டும் சட்டம் 1956இன் 33ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறி மூன்று மாதமாகவில்லை. அதற்கு எதிராகக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிபட்டிருந்தார்கள். கொதித்துப்போய்க் கூடிய மாநாடு அது. ஆயினும் அதில் வெளிவந்தவை நான்கு கோரிக்கைகள்: சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, தமிழ் பேசும் பிரதேசங்களில் அரச குடியேற்றங்களை நிறுத்துதல். அவற்றுக்கு ஓராண்டுத் தவணையும் வைத்தார்கள். தவணை தவறினால் அறவழியில் நேரடி நடவடிக்கை. ஒவ்வொன்றுக்கும் எதிர்த்தரப்பு "முடியாது", "இவ்வளவு முடியும்", "இப்போது முடியாது" என்று பதில் சொல்லலாம். உண்மையிலேயே அப்படித்தான் பதில் வந்தது.

தவணை முடிய முன்னரே, 1957 யூலை 26ஆம் திகதி, பிரதமருக்கும் தமிழரசுக் கட்சிக்கும் இடையிலான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதையொட்டி வந்த கூட்டறிக்கையை வாசித்தவர்கள் குறைவு. வாசித்தால் வியப்பாக இருக்கும். சமஷ்டி பற்றியோ, உத்தியோக மொழிச் சட்டத்தை இல்லாமற் செய்யும் எந்தப் படியைப் பற்றியோ தம்மால் பேச முடியாது என்று பிரதமர் ஆரம்பத்திலேயே தெளிவுபடுத்தியதாக அது பதிவு செய்கிறது. தமிழரசுக் கட்சி தன் அடிப்படைக் கொள்கைகளைக் கைவிடாமலே ஓர் இணக்கத்துக்கு வழியுண்டா என்று பார்க்கப்பட்டதாகவும் சொல்கிறது. அதாவது, எதில் உடன்படவில்லை என்பதை முதலில் எழுதி ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, பிறகு பிரதேச சபைகள், அவற்றுக்குரிய விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம் என்று ஒவ்வொன்றாக இறங்கினார்கள். வடமாகாணம் ஒரு பிரதேசம், கிழக்கு மாகாணம் இரண்டோ அதற்கு மேலோ என்றும் எழுதினார்கள். இன்றைய அறிக்கைகளில் உடன்பாடின்மையை இப்படி வெளிப்படையாக எழுதுகிறவர் எவர்? "சுமுகமான சூழலில் கலந்துரையாடப்பட்டது" என்பதோடு முடிந்துவிடுகிறது.

கறுப்புக் கோட்டு:

அவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டதே! அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்தன கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். கடைசியில் பிக்குகள் பிரதமரின் ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் வந்து அமர்ந்தார்கள். நாட்டைப் பிரிக்கிறார்கள் என்ற ஒற்றை வாக்கியத்தின் முன்னால் ஒப்பந்தத்தின் அத்தனை பிரிவுகளும் தோற்றன. உங்கள் உரைகல் இரண்டு தலைவர்கள் அறைக்குள் பேசுவதற்குப் போதுமானது. வெளியே இருப்பவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லும் பேச்சு அந்த இரண்டு தரப்பிடமும் இருக்கவில்லை. 1965 மார்ச்சில் அதே கட்சியின் டட்லி சேனநாயக்கவுடன் செய்துகொண்ட ஒப்பந்தமும் அவ்வாறே: தாள் இருந்தது, அதைச் சனத்திடம் கொண்டுபோகும் வாய் இருக்கவில்லை. ஆகவே மேடைப் பேச்சை நீங்கள் இவ்வளவு இளக்காரமாக எழுதியிருக்கக் கூடாது. நல்ல மேடைப் பேச்சு இல்லாமல் எந்தச் சபை முடிவும் நிற்காது.

நிலவன் எழுதியது:

இவ்வளவு எழுதி என்ன பயன்? சபைகளில் பேசுகிறவர்கள் இதையெல்லாம் வாசிப்பதில்லை. 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. இல்லாத சபைக்கு எந்த மொழி?

கிண்ணியா ரீச்சர் எழுதியது:

நிலவன் தம்பியின் கேள்வி நியாயமானது. ஆனால் மாகாண சபைத் தேர்தல் இவ்வளவு காலம் தள்ளிப்போவதற்கே "உரிய முறையில் விரைவில்" என்ற வகைப் பேச்சுத்தானே துணையாக இருந்தது? திகதி சொல்லாத வாக்குறுதியை எவரும் மீற முடியாது.

நான் வேறொன்றை எழுத வந்தேன். இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர்கள், சிங்களவர்கள் என்ற மூன்று சமூகங்களில் எதுவும் சனத்தொகையில் பாதியைத் தொடுவதில்லை. நாடாளுமன்றத்துக்கு நான்கு ஆசனங்கள். இதனால் ஒவ்வொரு தேர்தலிலும் மூன்று மொழிப் பிரசாரங்களிலும் ஒரே வாக்கியத்தையே கேட்கிறேன்: எமது பிரதிநிதித்துவத்தைக் காப்பாற்றுவோம். காப்பாற்றிய பிறகு அந்தப் பிரதிநிதி எதற்காக வாக்களிப்பார் என்று கேட்டால், கேட்டவர் தன் சமூகத்தைக் காட்டிக்கொடுப்பவராகப் பார்க்கப்படுகிறார். இந்த வாக்கியம் தேர்தலைத் தலையெண்ணும் வேலையாக மாற்றிவிட்டது.

2018இல் திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது தொடர்பாக ஆர்ப்பாட்டம் நடந்ததும், அவர்கள் வேறிடம் அனுப்பப்பட்டதும், விடயம் மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனதும் எல்லோருக்கும் தெரியும். நானும் ஓர் ஆசிரியை. அந்த வாரத்தில் எமது ஆசிரியர் அறையில் நடந்த பேச்சை மறக்கவில்லை. முதல் நாள், சுற்றுநிருபம் என்ன சொல்கிறது, மற்றப் பாடசாலைகளில் நடைமுறை என்ன என்று தமிழ் ரீச்சர்மாரும் நாங்களும் ஒரே மேசையில் இருந்து பேசினோம். மூன்றாம் நாளளவில் முகநூலில் ஒரு பக்கம் "கலாசார ஆக்கிரமிப்பு", மறுபக்கம் "இனவாதம்" என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் எவரும் சுற்றுநிருபத்தைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பற்றிப் பேசுவதே ஒரு பக்கம் சாய்வதாகிவிட்டது. நாங்கள் தேநீரைத் தனித்தனியாகக் குடித்தோம். உவர்மலை அண்ணன் சொல்லும் நல்ல சொற்கள் மட்டும் விவாதத்தைக் கெடுப்பதில்லை. பெரிய பெயர் ஒன்றைச் சின்னப் பிணக்கின் மேல் சூட்டிவிட்டால், அந்தப் பிணக்கைத் தீர்க்கக்கூடியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

அவர் மேற்கோள் காட்டிய 1956 தீர்மானத்தின் "தமிழ் பேசும்" என்ற சொற்றொடரில் நாங்களும் அடக்கம் என்றே எனது வாப்பா காலத்தவர்கள் நம்பினார்கள். ஆனால் ஒப்பந்தங்கள் எழுதப்பட்ட மேசைகளில் எங்கள் கதிரை எங்கே இருந்தது என்பதையும் கறுப்புக் கோட்டு சேர் ஒருநாள் எழுத வேண்டும்.

பாலையூற்று மகள்:

ரீச்சர், அந்த வாரத்தில் நானும் அந்தப் பெரிய பெயர்களில் ஒன்றை மனதார நம்பியவள். இன்றும் முழுதாக மாறிவிடவில்லை. ஆனால் ஒரே மேசையில் இருந்து பேசியவர்கள் இருந்தார்கள் என்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். அது ஏன் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை?

கரைவலை எழுதியது:

நான் நிலாவெளிப் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கமொன்றின் செயலாளர். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. எனினும் எங்களுடைய கூட்டங்களில் கண்டதைச் சொல்கிறேன். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குவலையின் பிரச்சினை இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. கரையிலிருந்து இழுக்கும் கரைவலைகளின் சொந்தக்காரரான சம்மாட்டிமாரும் சிறு வள்ளக்காரரும் ஒரு பக்கம், சுருக்குவலைக்காரர் மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் மூன்று இனத்தவரும் இருக்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் சண்டை வரும், சில நேரம் கதிரையும் பறக்கும். ஆனால் சண்டை எதைப் பற்றி? கரையிலிருந்து எத்தனை கடல்மைலுக்கு அப்பால் வலை வளைக்க வேண்டும், வலையின் கண்ணளவு எவ்வளவு, இரவில் வெளிச்சம் போடலாமா, பிடிபட்டால் வள்ளத்தைத் தடுத்துவைப்பதா வலையை மட்டுமா என்பவற்றைப் பற்றி. உவர்மலைத் தம்பியின் உரைகல்லில் நாங்கள் எல்லோரும் சித்தியடைவோம்.

இதே விடயம் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்), மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது மாறிவிடுகிறது. அங்கே அரசியல்வாதிகள் இருக்கிறார்கள், கமராக்கள் இருக்கின்றன. சுருக்குவலைப் பிரச்சினை தமிழ் மீனவர், முஸ்லிம் மீனவர், சிங்கள மீனவர் பிரச்சினையாகிறது. கண்ணளவு என்ற சொல்லே எழும்புவதில்லை. மேலதிகமாக, பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. திணைக்களத்திலிருந்து வந்தவர் கால்மணி நேரம் பேசுவார். முடிவில் ஒருவர் எழுந்து, "சட்டப்படி நடவடிக்கை எடுப்பதாகச் சொல்கிறார்" என்று தமிழில் ஒரு வரி சொல்வார். கால்மணி நேரம் ஒரு வரியாகச் சுருங்குமா? அந்தக் கால்மணிக்குள் எனக்குச் சாதகமான ஏதாவது இருந்திருக்கலாம், பாதகமானதும் இருந்திருக்கலாம். கேட்காத பேச்சுக்கு நான் எப்படி மறுப்புச் சொல்வேன்?

கந்தளாய்ப் பெடியன் எழுதியது:

கரைவலை அண்ணன், எனக்குச் சிங்களமும் தமிழும் ஒரேயளவில் வரும் என்பதால் நீங்கள் சொல்லும் அந்தக் கால்மணியில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். அதில் பாதி, சிங்கள மீனவர் சங்கப் பிரதிநிதிகள் அதே அதிகாரியுடன் மல்லுக்கட்டுவது. ஏன் பரிசோதகர் இரவில் வருவதில்லை, பிடித்த வலையை யார் விடுவித்தார்கள் என்று அவர்களும் கேட்கிறார்கள். ஒற்றை வரி மொழிபெயர்ப்பில் அந்தக் கேள்விகள் காணாமல் போகின்றன. எஞ்சுவது, சிங்களத்தில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஏதோ முடிவெடுத்தார்கள் என்ற எண்ணம். மறுபக்கத்திலும் இதேதான். தமிழில் ஒருவர் பேசி முடித்தால், "தமது மக்களின் உரிமை பற்றிப் பேசினார்" என்று சிங்களத்தில் ஒரு வரி. எங்களுடைய கந்தளாய்க் குளத்து நீர்ப் பங்கீட்டுக் கூட்டங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கத்தார் தமக்குள் முரண்படுவதைக் கேட்க முடியாதவர், அவர்களை ஒரே ஆளாகத்தான் நினைப்பார்.

கறுப்புக் கோட்டு:

இதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரையின்படி நாடாளுமன்ற, மாகாண சபை, உள்ளூராட்சி சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் சிங்களத்திலோ தமிழிலோ தமது கடமையைச் செய்யலாம். 22ஆம் உறுப்புரை, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழி தமிழ் என்கிறது. ஆகவே ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் அறிக்கையைத் தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பாலையூற்று மகள் முதலில் கேட்ட கேள்விக்கும், தகவல் யாருடைய கையில் என்பதற்கும், இதுவே ஓரளவு பதில். முழுப் பதிலாக இதை நான் சொல்லமாட்டேன்.

உவர்மலை வாசகன்:

அப்படியென்றால் கரைவலை அண்ணனின் சங்கத்தின் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதுவோம். சுருக்குவலை பேசப்பட்ட கூட்டங்களின் அறிக்கைகளைக் கேட்போம்.

கரைவலை:

"அறிக்கை" என்று மட்டும் கேட்டால், "உரிய நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு பக்கம் தருவார்கள். அதை வைத்து நான் என்ன செய்வது? அனுமதிப்பத்திரம் பெற்ற வள்ளங்கள் எத்தனை, நிபந்தனைகள் எவை, கடந்த வருடம் பிடிபட்டவை எத்தனை, வழக்குத் தொடரப்பட்டவை எத்தனை என்று கேளுங்கள். கடற்றொழில் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும், கச்சேரியிடம் மட்டும் போதாது.

கிண்ணியா ரீச்சர்:

விண்ணப்பத்தை ஒரு சங்கத்தின் பெயரில் மட்டும் போட வேண்டாம் என்பது என் கருத்து. கிண்ணியாவிலும் கந்தளாயிலும் இருந்து ஒவ்வொருவர் அதே கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கட்டும். இரண்டு மொழியிலும் கேட்கட்டும். வருகிற பதில்கள் ஒன்றா என்று பார்ப்போம். சுருக்குவலைக்காரர் தரப்பிலிருந்தும் ஒருவர் கையெழுத்திட வேண்டும். எனது மைத்துனர் அந்தத் தொழில்தான். அவரைக் கேட்டுச் சொல்கிறேன், ஆனால் அவர் ஒப்புக்கொள்வார் என்று இப்போது எழுதமாட்டேன்.

கரைவலை:

உங்கள் மைத்துனர் கையெழுத்திட்டால், இரவு வெளிச்சம் பற்றிய கேள்வியை எடுத்துவிடச் சொல்வார். அதை எடுக்க நான் சம்மதிக்கமாட்டேன் ரீச்சர். அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.